இடும்பன் இறக்கி வைத்த மலை

கோடையில் குன்றுகளை நாடிச் செல்வது தமிழர்க்குப் புதிய வழக்கம் அன்று. மலையும் மலை சார்ந்த நிலமும் குறிஞ்சி என்றும், அந்நிலத்தின் தெய்வம் சேயோனாகிய முருகன் என்றும் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. ஆகவே நம்மவர்க்கு மலைப்பயணம் என்பது குளிர் காற்றைத் தேடிப் போவது மட்டும் அன்று. அந்த நிலத்துக்கு உரியவனைக் கண்டு வருவதும் ஆகும். சென்ற சித்திரை மாதத்தின் கடைசி வாரத்தில், பள்ளிப் பருவம் தொட்டு ஒரே தெருவில் வளர்ந்த நண்பர்கள் நால்வர், காரைக்குடியிலிருந்து பழநி மலைத்தொடருக்கு ஒரு மூன்று நாள் பயணம் சென்று வந்தோம். கார் ஓட்டியவன் என் தம்பி மகன்.

இந்தப் பயணம் ஏழு ஆண்டுகளாகத் தள்ளிப்போனது. 2018-ஆம் ஆண்டில் கொடைக்கானல் மலைச்சரிவுகளில் குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் மலர். போய்ப் பார்க்க வேண்டும் என்று பேசினோம். ஒருவர் வீட்டில் திருமணம், இன்னொருவர் வீட்டில் பிரசவம் என்று நாள் கழிந்தது, பூவும் உதிர்ந்தது. அப்போது நாங்கள் ஐவராக இருந்தோம். இனியும் தள்ளிப் போடலாகாது என்று இவ்வாண்டு புறப்பட்டதற்கு அதுவே காரணம்.

எங்களுள் ஒருவர் கணித ஆசிரியராக இருந்தவர். ஒருவர் கூட்டுறவு வங்கியில் பணியாற்றியவர். மூன்றாமவர் அஞ்சல் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவருக்குப் 'போஸ்ட்மாஸ்டர்' என்பதே பெயராகி விட்டது. இக்கட்டுரை பெரும்பாலும் அவரைப் பற்றியது.

பாதயாத்திரை வழியில்

தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கத்து ஊர்களிலிருந்து நகரத்தார் காவடியோடு பல்லாயிரம் அன்பர்கள் பழநிக்கு நடந்து செல்வதை இவ்விதழின் வாசகர்கள் அறிவார்கள். போஸ்ட்மாஸ்டர் அந்த வழியில் முப்பத்தோராண்டு இடைவிடாமல் நடந்தவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் நத்தத்தைத் தாண்டியதும் அவருடைய முழங்கால் வீங்கி, அடி எடுத்து வைக்க இயலாமற் போயிற்று. உடன் வந்தவர்கள் ஒரு வேனில் ஏற்றி ஊருக்கு அனுப்பி வைத்தார்கள். அதன் பிறகு அவர் பழநிக்குப் போகவில்லை. தைப்பூசத்துக்கு மட்டும் அன்று. எந்த நாளிலும் போகவில்லை. "நடந்து போன வழியில் வண்டியில் போய், எந்த முகத்தோடு அவன் முன்னால் நிற்பேன்?" என்று கேட்பார். இந்தப் பயணத்துக்கும், "கொடைக்கானலுக்கு வருகிறேன், மலைக்கோயிலுக்கு மட்டும் கூப்பிடக் கூடாது" என்ற நிபந்தனையோடுதான் வண்டியில் ஏறினார்.

அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். குன்றக்குடியைக் கடக்கும்போது சண்முகநாதப் பெருமான் எழுந்தருளிய குன்றை நோக்கிக் கைகூப்பினோம். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று வண்டி விரைந்தது. போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியோரம் அமர்ந்து, விடியும் வெளிச்சத்தில் சாலையோரத்தையே பார்த்துக் கொண்டு வந்தார். "அந்தப் புளிய மரத்தடியில்தான் கஞ்சி கொடுப்பார்கள்", "இந்தத் திண்ணையில் இரண்டு இரவு படுத்திருக்கிறேன்", "இந்தக் கிணற்றுத் தண்ணீர் சற்று உவர்க்கும்" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நாங்கள் இரண்டே மணி நேரத்தில் கடந்து விட்ட வழியில் அவருக்கு முப்பத்தோராண்டு வாழ்க்கை இருந்தது. நத்தத்தைத் தாண்டி ஒரு திருப்பம் வந்தபோது மட்டும் அவர் பேச்சு நின்றது. நாங்களும் கேட்கவில்லை.

ஒட்டன்சத்திரத்துக்கு அப்பால் விருப்பாட்சி வந்தது. பழநிப் பஞ்சாமிர்தத்துக்குச் சுவை சேர்க்கும் மலை வாழைக்குப் பேர் போன ஊர் இது. அந்தச் சிறிய பழத்தில் நீர்ச்சத்து குறைவு. அதனால்தான் வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், பேரீச்சை, கற்கண்டு, ஏலம் சேர்த்து, ஒரு சொட்டு நீரும் விடாமல் பிசைந்த பஞ்சாமிர்தம் பல நாள் கெடாமல் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டில் பழநிப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

திருஆவினன்குடி

காலை எட்டு மணிக்குப் பழநி வந்து சேர்ந்தோம். அடிவாரத்தில் அந்த நேரத்திலேயே பெருங்கூட்டம். சித்திரையின் கடைசி ஏழு நாளும் வைகாசியின் முதல் ஏழு நாளும் இங்கே அக்னி நட்சத்திரக் கழு விழா. இந்நாட்களில் காலையிலும் மாலையிலும் அன்பர்கள் மலையை வலம் வருகிறார்கள். பெண்கள் கடம்ப மலரைச் சூடிக் கொள்கிறார்கள். மலைமேல் உள்ள மூலிகைகளைத் தழுவி வரும் காற்று உடல்நோய் தீர்க்கும் என்பது வழிவழி வந்த நம்பிக்கை.

முதலில் அடிவாரத்துத் திருஆவினன்குடிக்குச் சென்றோம். பழநி என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது மலை உச்சியில் தண்டேந்தி நிற்கும் ஆண்டியின் திருக்கோலமே. ஆயினும் நக்கீரர் திருமுருகாற்றுப்படையில் மூன்றாம் படைவீடாகப் பாடிய தலம், மலையடியில் உள்ள இந்த ஆவினன்குடியே ஆகும். திருமகளும், ஆவாகிய காமதேனுவும், இனனாகிய கதிரவனும், கு என்னும் நிலமகளும், தீக்கடவுளும் வழிபட்டதால் இப்பெயர் அமைந்தது என்பர். கருவறையில் மயில்மீது அமர்ந்த குழந்தை வேலாயுதராகப் பெருமான் காட்சி தருகிறான். தல விருட்சம் நெல்லி. கனிக்காகக் கோபித்துக் கொண்டு வந்த பிள்ளை, அக்கோபம் தணியாத குழந்தையாகவே இங்கே வீற்றிருப்பதாகத் தோன்றும்.

வழிபாடு முடிந்தது. போஸ்ட்மாஸ்டர் ஒரு தூண் அருகே அமர்ந்து விட்டார்.

"மூன்றாம் படைவீட்டைப் பார்த்தாகி விட்டது. நீங்கள் மேலே போய் வாருங்கள். நான் இங்கேயே இருக்கிறேன்."

"இழுவை ரயில் இருக்கிறதே, அப்பா. ஒரு படியும் ஏற வேண்டாம்" என்றார் கணித ஆசிரியர்.

"அதற்குத்தான் வர மாட்டேன் என்கிறேன்."

அதற்கு மேல் வற்புறுத்துவது முறையன்று. நாங்கள் மூவரும் மேலே சென்றோம். மலைக்கோயிலுக்கு ஏறக்குறைய எழுநூறு படிகள். படி ஏற இயலாதவர்க்குச் சரிவாக அமைந்த யானைப் பாதை உண்டு. 1966-இல் இழுவை ரயிலும், 2004-இல் கம்பிவட ஊர்தியும் ஓடத் தொடங்கின. உச்சியில் மேற்கு நோக்கி நிற்கிறான் தண்டாயுதபாணி. போகர் என்னும் சித்தர் ஒன்பது பாஷாணங்களைக் கூட்டி அமைத்த திருமேனி என்பது மரபு. அவருடைய சமாதியும் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. கோவணமும் தண்டும் தவிர வேறொன்றும் இல்லாத அந்தக் கோலத்தைக் கண்டு நின்றபோது, கீழே தனியாக அமர்ந்திருக்கும் நண்பரின் நினைவே எனக்கு வந்தது. என் வேண்டுதலும் அன்று அவரைப் பற்றியதாகவே இருந்தது.

மலைமேல் நாள் முழுவதும் நடைபெறும் அன்னதானத்தில் உண்டு, இறங்கி வந்தோம். போஸ்ட்மாஸ்டர் கோயில் வாசலில், கடம்ப மலர் விற்கும் ஒரு மூதாட்டியோடு பேசிக் கொண்டிருந்தார். நான் கொடுத்த திருநீற்றை இரு கைகளாலும் வாங்கி நெற்றியில் இட்டுக் கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை.

மலை ஏறும் சாலை

பழநியிலிருந்து கொடைக்கானலுக்கு மலைவழியாக 64 கி.மீ. ஊரைத் தாண்டியதும் வரதமாநதி அணை. அங்கிருந்து சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. வெயிலில் வெந்த முட்புதர்கள் குறைந்து, மூங்கிலும், பின்னர் காப்பித் தோட்டங்களும், அவற்றுக்கு நிழல் தரும் வெள்ளி ஓக் மரங்களும் வருகின்றன. சவரிக்காட்டில் வண்டியை நிறுத்திச் சுக்குக் காப்பி அருந்தினோம். திரும்பிப் பார்த்தபோது, கீழே வெயிற்புகையில் சமவெளி மங்கிக் கிடந்தது. பெருமாள் மலையில் வத்தலக்குண்டிலிருந்து வரும் பெருஞ்சாலையோடு நம் சாலை சேர்கிறது. அங்கே காற்று குளிர்ந்து, காதுகள் அடைத்துக் கொண்டன. மாலை ஐந்து மணிக்குக் கொடைக்கானல் ஏரிக்கரையில் நின்றோம்.

இந்த ஏரி 1863-இல் மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த லெவிஞ்சு என்பவரின் முயற்சியால் உருவானது. ஊரின் உயரமான ஒரு பகுதியில், 1899-இல் தொடங்கப்பட்ட சூரிய ஆய்வகம் இருக்கிறது. கதிரவனின் உருவத்தை நூறாண்டுக்கும் மேலாக அங்கே நாள்தோறும் பதிவு செய்து வருகிறார்கள். மலையடியில் கதிரவன் முருகனை வழிபட்டதாகச் சொல்லும் தலம். மலைமேல் கதிரவனையே நோக்கியிருக்கும் அறிஞர்கள். இரண்டும் ஒரே மலைத்தொடரில் அமைந்திருப்பதை நினைத்து மகிழ்ந்தோம்.

இரவு குளிர் கடுமையாக இருந்தது. சித்திரை வெயிலை நம்பிப் போஸ்ட்மாஸ்டர் கம்பளி எடுத்து வரவில்லை. வங்கி நண்பர் தம் சால்வையை எடுத்து அவர்மேல் போர்த்தினார். "எனக்கு வேண்டாம், உனக்குத்தான் இருமல்" என்று அவர் விலக்கினார். அப்போது கணித ஆசிரியர் சிரித்துக் கொண்டே சொன்னார்:

"இது பேகன் ஆண்ட மலை, அப்பா. மயிலுக்குப் போர்வை கொடுத்தானே, அந்த வள்ளல். மயில் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்ததாக எந்தப் புலவரும் பாடவில்லையே!"

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய பேகன் ஆவியர் குடியினன். பழநியை அடுத்த இம்மலை நாட்டை ஆண்டவன். போஸ்ட்மாஸ்டரும் சிரித்து விட்டார். சால்வை அவர் தோளிலேயே இருந்தது.

பூம்பாறையும் குறிஞ்சி ஆண்டவரும்

மறுநாள் காலை, கொடைக்கானலிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில் உள்ள பூம்பாறைக்குப் புறப்பட்டோம். சாலை ஒரு வளைவில் திரும்பியதும், எதிர்ச் சரிவில் படிப்படியாக இறங்கும் வயல்களும், அவற்றின் நடுவே ஓடுகளும் தகரமுமாய் நெருங்கிய வீடுகளும் தெரிந்தன. பூண்டு மணம் காற்றில் வந்தது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இவ்வூர்ப் பக்கங்களில் விளைவதே. ஊரின் நடுவே குழந்தை வேலப்பர் கோயில். இத்திருமேனியையும் போகரே அமைத்ததாகச் சொல்வர்.

பெயர்க் காரணமாக ஒரு வரலாறு வழங்குகிறது. அருணகிரிநாதர் இவ்வூர்க்கு வந்து ஓர் இரவு துயின்றபோது, ஓர் அரக்கி அவரைக் கொல்ல வந்தாளாம். முருகன் குழந்தை வடிவில் அவர் பக்கத்தில் வந்து படுத்துக் கொண்டான். குழந்தையோடு ஒரு தாய் துயில்வதாக எண்ணி, அரக்கி ஒன்றும் செய்யாமல் போய் விட்டாள். பாடல் பெறுவதற்காகப் பெருமான் அவருக்கு எத்தனையோ முறை காட்சி தந்திருக்கிறான். ஆனால் இங்கே அவர் பாடவும் இல்லை, விழித்திருக்கவும் இல்லை. களைத்துத் தூங்கிய அடியவர் பக்கத்தில் அவன் தானே வந்து படுத்துக் கொண்டான். போஸ்ட்மாஸ்டர் இந்த வரலாற்றை அர்ச்சகரிடம் இரண்டு முறை கேட்டு வாங்கிக் கொண்டார்.

மாலையில் கொடைக்கானல் திரும்பி, பேருந்து நிலையத்திலிருந்து சுமார் 3 கி.மீ. தொலைவில் உள்ள குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குச் சென்றோம். இக்கோயில் எழுந்த வரலாறு வியப்புக்கு உரியது. ஆஸ்திரேலியாவில் பிறந்த ஒரு பெண்மணி, இலங்கைத் தமிழர் தலைவராக விளங்கிய சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்தார். சைவ நெறியை ஏற்று லீலாவதி என்னும் பெயர் பூண்டார். கணவர் 1930-இல் இறைவனடி சேர்ந்தார். அதன் பின், 1936-இல், அந்த அம்மையார் இம்மலைமேல் முருகனுக்கு இக்கோயிலை எழுப்பினார். இப்போது பழநி தேவஸ்தானத்தின் பொறுப்பில் இது இருக்கிறது. எங்கோ பிறந்தவர், தம் துணையை இழந்த பின், பிறந்த நாடும் கணவர் நாடும் அல்லாத வேறொரு நாட்டு மலைமேல், குறிஞ்சிப் பூவின் பெயரால் முருகனை நிலைநிறுத்தியிருக்கிறார். அவருக்கு எந்தப் பாதயாத்திரை வழியும் பரம்பரையாக வரவில்லை. வந்த வழி எதுவாயினும் பெருமான் ஏற்றுக் கொண்டான் என்பதற்கு அந்தக் கருங்கல் கட்டடமே சான்று.

இக்கோயிலின் புறத்தே நின்று வடக்கே நோக்கினால், தெளிவான நாட்களில் பழநி மலை தெரியும் என்பது புகழ். அன்று மாலை ஒன்றும் தெரியவில்லை. வெண்மேகம் காலடி வரை வந்து நின்றது. "நாளை காலையில் வாருங்கள்" என்றார் தேங்காய் விற்றவர்.

மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்கு மறுபடியும் சென்றோம். வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. சரிவுகளுக்குக் கீழே, வெகு தொலைவில், பச்சையும் பழுப்புமாய்ச் சமவெளி. அதன் நடுவே ஒரு சிறு குன்று. கோயிற்கடைக்காரர் விரல் நீட்டிக் காட்டிய பிறகே அது பழநி என்று அறிந்தோம். உள்ளங்கையில் வைத்து மூடி விடலாம் போல இருந்தது.

போஸ்ட்மாஸ்டர் கம்பியைப் பிடித்துக் கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"எவ்வளவு சிறியதாக இருக்கிறது, பார். இதை ஏறி விட்டேன் என்றுதான் முப்பத்தோராண்டு நினைத்துக் கொண்டிருந்தேன்."

நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார்.

"அன்றைக்கு நீங்கள் மேலே போயிருந்தபோது, அந்தப் பூக்காரம்மாவிடம் என் கதையைச் சொன்னேன். 'காவடி தூக்க முடியாதவன் எப்படி அம்மா மேலே போவது?' என்றேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'ஏன் சாமி, இடும்பன் தூக்க முடியாமல் இறக்கி வைத்ததுதானே இந்த மலையே' என்றார்."

கதை நாம் அனைவரும் அறிந்ததே. அகத்திய முனிவர் சிவகிரி, சக்திகிரி என்னும் இரு மலைகளைத் தென்னாட்டுக்குக் கொண்டு வரப் பணித்தார். இடும்பன் அவற்றைக் காவடியாகக் கட்டித் தோளில் சுமந்து வந்தான். ஆவினன்குடியை நெருங்கியபோது களைப்பு மேலிட, மலைகளை இறக்கி வைத்து இளைப்பாறினான். மீண்டும் தூக்க முயன்றான், இயலவில்லை. மலைமேல் நின்ற சிறுவனோடு போரிட்டு வீழ்ந்தான். மனைவி இடும்பியும் அகத்தியரும் வேண்ட, உயிர் பெற்றான். அவனைப் போலக் காவடி சுமந்து வருவோர்க்கு அருள்வதாகப் பெருமான் வரம் தந்தான். இன்றும் மலைப்படிகளின் வழியில் இடும்பனை வணங்கிய பின்னரே ஆண்டவனைக் காணச் செல்கிறோம்.

இக்கதையைச் சிறு வயது முதல் நூறு முறை கேட்டிருக்கிறேன். பிறர்க்குச் சொல்லியும் இருக்கிறேன். சுமந்தவனின் பெருமையாகவே அதை எண்ணியிருந்தேன். அவன் களைத்துப்போய் இறக்கி வைத்த இடத்தில்தான் பழநி உண்டாயிற்று என்று அன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை. அடிவாரத்தில் பூ விற்கும் ஒரு மூதாட்டிக்குத் தோன்றியிருக்கிறது.

போஸ்ட்மாஸ்டர் கண்களைத் துடைத்துக் கொண்டு, "திரும்பும் வழியும் பழநிதானே?" என்று கேட்டார்.

"வத்தலக்குண்டு வழியாகத் திட்டம்" என்றான் என் தம்பி மகன். கணித ஆசிரியர் அவன் தோளைத் தட்டி, "திட்டத்தை மாற்றியாகி விட்டது, தம்பி" என்றார்.

சாயரட்சை

மாலை நான்கு மணிக்குப் பழநி வந்தோம். இழுவை ரயில் நிலையத்தில் வரிசையில் அமர்ந்தோம். வண்டி அசைந்து ஏறத் தொடங்கியதும் போஸ்ட்மாஸ்டர் கண்களை மூடிக் கொண்டார். உதடுகள் மட்டும் அசைந்தன. சில நிமிடங்களில் மேலே வந்து விட்டோம். முப்பத்தோராண்டு காவடி சுமந்து ஏறிய மலையில், முதன்முறையாக வெறுந்தோளோடு அவர் இறங்கினார். கால் தடுமாறியபோது வங்கி நண்பரின் கையை அவரே பற்றிக் கொண்டார். வெளிப் பிராகாரத்திலிருந்து எதிரே தெரியும் இடும்பன் மலையை நோக்கி இரு கைகளையும் உச்சிமேல் கூப்பினார்.

சாயரட்சை வேளை. பழநியில் அவ்வேளையில் பெருமானுக்கு இராஜ அலங்காரம். ஆண்டிக் கோலம் மறைந்து, முடியும் பட்டும் அணிகளும் பூண்டு அரசனாக நின்றான். எல்லாவற்றையும் துறந்து மலையேறி நின்றவன், மாலைதோறும் அன்பர் சூட்டும் மகுடத்தை மறுக்காமல் ஏற்றுக் கொள்கிறான். பிறர் தருவதைப் பெற்றுக் கொள்வது சிறுமை என்றால், அவன் ஏன் ஏற்க வேண்டும்? திரை விலகித் தீபம் காட்டியபோது "அரோகரா" என்னும் முழக்கம் எழுந்தது. போஸ்ட்மாஸ்டரின் குரல் அதில் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. மூன்று ஆண்டுகளாக அக்குரலை நாங்கள் கேட்டதில்லை.

கீழே வந்ததும் அவர் நேராகத் திருஆவினன்குடி வாசலுக்குச் சென்று அந்தப் பூக்காரம்மாவைத் தேடினார். அவர் பூ விற்று முடித்து வீட்டுக்குப் போய் விட்டாராம்.

செல்வோர்க்குச் சில குறிப்புகள்

முதிய அன்பர்கள் இப்பயணத்தை அஞ்ச வேண்டியதில்லை. கொடைக்கானலுக்கு வாகனத்தில் செல்வோர், உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் உள்ள இணையவழி அனுமதிச் சீட்டை முன்கூட்டியே பெற வேண்டும். வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியிலேயே எடுத்துத் தருவார்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கு அங்கே தடை; வீட்டிலிருந்தே சொம்பிலோ எவர்சில்வர்க் கூசாவிலோ நீர் கொண்டு செல்லுங்கள். கோடையிலும் கம்பளி வேண்டும். பழநி மலைக்கோயிலுக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. கம்பிவட ஊர்தி பலத்த காற்றிலும் பராமரிப்பு நாட்களிலும் நிற்கும். ஆதலால் இழுவை ரயிலையும் மனத்தில் வைத்துச் செல்வது நன்று. குறிஞ்சி ஆண்டவர் கோயிலிலிருந்து பழநியைக் காண விரும்புவோர் காலையில் செல்லவும். பிற்பகலில் மேகம் மூடி விடும். மலைப்பாதை சிலர்க்குத் தலைசுற்றல் தரும். மருந்து, மாத்திரைகளைக் கையருகே வைத்துக் கொள்க.

இன்னும் ஒன்று. நண்பரோடு செல்லுங்கள். மெதுவாக நடப்பவர் ஒருவர் குழுவில் இருந்தால், அவர் நடைக்கே பயணத்தை அமைத்துக் கொள்ளுங்கள். வேகமாகச் சென்றிருந்தால் நாங்கள் இன்னும் நான்கு இடங்களைப் பார்த்திருக்கலாம். இந்த மலையைப் பார்த்திருக்க மாட்டோம்.

இரவு ஊர் திரும்பும் வழியில், நத்தத்துக்கு அருகே அந்தத் திருப்பம் வந்தபோது, போஸ்ட்மாஸ்டர் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி, சாலையோரத்தில் ஒரு பிடி பஞ்சாமிர்தத்தை இலையில் வைத்து எங்களுக்குப் பகிர்ந்தார். "இங்கேதான் இறக்கி வைத்தேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுபடியும் குறிஞ்சி பூப்பது 2030-இல். அப்போது நாங்கள் எண்பதை நெருங்கியிருப்போம். எத்தனை பேர் இருப்போம் என்று கணித ஆசிரியரும் கணக்குப் போடவில்லை. இருப்பவர் போய்ப் பார்த்து வருவது என்றும், மலையேற முடியாதவர்க்கு மற்றவர் கை கொடுப்பது என்றும், கொடுத்த கையை மறுக்காமல் பற்றிக் கொள்வது என்றும் முடிவு செய்தோம். எஞ்சியதைக் குறிஞ்சி ஆண்டவன் பார்த்துக் கொள்வான்.

வேலும் மயிலும் துணை.